தொடர்பாக அத்தையின் சமையலறை அலுவலகம்

ஒரு ரசத்துக்கு ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கிய பெண்மணி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தார். அந்த ஐந்து கையெழுத்தில் ஒன்று என்னுடையது. அப்போது எனக்கு வயது பதினொன்று. பதவி, புளிப் பிரிவு உதவியாளர்.

வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து, திருவண்ணாமலையைத் தனி மாவட்டத்தின் தலைநகராக்கியிருந்த புதிது. ஊருக்குள் திடீரென்று சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகியவர்களின் எண்ணிக்கை கூடியது. வீடு கேட்டு வருபவர்களிடம் வீட்டுக்காரர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "எந்த டிபார்ட்மென்ட்டுங்க?" என்று கேட்டார்கள். அந்த அலையில் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்தான் இவர். வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தடித்த பிரேம் போட்ட கண்ணாடி, இரண்டு பேனா. கணவருக்குத் தர்மபுரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. வந்த மூன்றாம் நாளே பெயர் அமைந்துவிட்டது. பால்காரரை நிறுத்தி, "நேத்து பால்ல தண்ணி ஜாஸ்தியா இருந்தது தொடர்பாக உங்ககிட்ட பேசணும்" என்றார். என் அம்மாவிடம், "குழாய்ல தண்ணி வராதது தொடர்பாக எதனா தெரியுமா?" என்றார். வாசலில் படுத்திருந்த நாயிடம்கூட, "நீ இங்க படுத்திருக்கறது தொடர்பாக யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டதாகச் சேகர் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அவர் 'தொடர்பாக அத்தை'.

எங்கள் காம்பவுண்டு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நான்கு போர்ஷன், ஒரு குழாய், ஒரு மொட்டைமாடி. பிள்ளைகள் நான்கு பேர். நான், இரண்டாம் வகுப்புப் படித்த என் தங்கை வசந்தி, மூன்றாவது போர்ஷன் பிரேமா, கடைசிப் போர்ஷன் சேகர். பிரேமா என் வகுப்பு. எதற்கும் சட்டென்று ஒரு யோசனை வைத்திருப்பாள். சேகர் ஏழாம் வகுப்பு. எந்த நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பான். மென்று தின்ன எதுவும் இல்லாவிட்டால் சட்டைக் காலரை மெல்வான்.

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆடிய கிரிக்கெட் பந்து அத்தையின் சமையலறை ஜன்னலுக்குள் போய் விழுந்தது. எடுத்துவர என்னை அனுப்பினார்கள். உள்ளே போனால், அத்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேசிய கீதம் கேட்பவர் போல ஸ்டவ் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். ஸ்டவ்வின் மேல் ஒரு பாத்திரம். அதில் அரிசி. ஸ்டவ் எரியவில்லை.

"உங்கம்மா சாதம் வெக்கிறப்ப, ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்ளோ தண்ணி ஊத்துவாங்க?" என்று திரும்பாமலே கேட்டார்.

"தெர்லிங்க அத்தை."

"தெர்லன்னு வாயால சொல்லக் கூடாது. விசாரிச்சு அறிக்கை குடு. பந்து அப்புறம்."

ஓடிப்போய் அம்மாவைக் கேட்டேன். "அளவெல்லாம் யாருடா பாத்தா? அரிசிக்கு மேல விரல்ல ஒரு கணு முங்குற அளவுக்கு ஊத்துவேன். உனக்கு இன்னாத்துக்கு அது?" என்றாள் அம்மா. திரும்பி ஓடிவந்து அப்படியே ஒப்பித்தேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோட விரலு? அறிக்கையில தெளிவா இல்லியே."

பந்து வராததால் மற்ற மூன்று பேரும் தேடிக்கொண்டு வந்தார்கள். அத்தை எங்கள் நான்கு பேரின் ஆள்காட்டி விரல் கணுவையும் ஸ்கேல் வைத்து அளந்தார். தன் விரலையும் அளந்தார். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தார். வசந்தியின் விரலில் ஜாம் ஒட்டியிருந்ததால் அதை மட்டும் கழுவிவிட்டு மறுபடி அளந்தார். வந்த விடையை ஒரு தீக்குச்சியில் பேனாவால் குறித்து, அந்தத் தீக்குச்சியை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம்.

சாதம் பூப்போல வந்தது.

அத்தை மூடியைத் திறந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பெயருக்கு முதல் பரிசு அறிவித்தால் நாங்களே அப்படிப் பார்த்திருப்போம். ஆளுக்கு ஒரு கரண்டி சாதமும் ஊறுகாயும் கொடுத்தார். தானும் நின்றபடியே சாப்பிட்டார். "நாளைக்கி பத்து மணிக்கு நாலு பேரும் வந்துடுங்க. உங்க நியமனம் தொடர்பாக" என்றார். பந்தைக் கொடுக்க அவரும் மறந்தார், கேட்க நாங்களும் மறந்தோம்.

மறுநாள் ஆளுக்கொரு நியமன ஆணை. கார்பன் வைத்து எழுதி, கீழே கோடு போட்டிருந்தது. சேகருடையதைப் பல முறை படித்து மனப்பாடமே ஆகிவிட்டது:

'பொருள்: சமையலறை – தேங்காய்ப் பிரிவு – உதவியாளர் பணியிடம் – செல்வன் சேகரை நியமித்தல் – தொடர்பாக. மேற்படி நபர் தேங்காய் துருவும்போது தேங்காயைத் தின்னக் கூடாது. துருவிய பின்னும் தின்னக் கூடாது. துருவுவதற்கு முன்னும் தின்னக் கூடாது.'

பிரேமாவுக்குப் பருப்பு. எனக்குப் புளி. வசந்திக்கு விசில் எழுத்தர் பதவி. குக்கர் விசிலடித்தால் பதிவேட்டில் நேரத்தோடு குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அப்போதுதான் கையெழுத்து என்பது தன் பெயரை எழுதுவதுதான் என்று தெரிந்துகொண்டாள். ஸ்டவ்வைப் பற்றவைப்பதும் அணைப்பதும் அத்தை மட்டும். "தீ தொடர்பான அதிகாரம் யாருக்கும் பகிர்ந்தளிக்கப்படாது" என்று சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது.

ஆணைகளுக்கு முத்திரை வேண்டுமே. ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கத்தில் 'சரி' என்று தலைகீழாகச் செதுக்கி, கரைத்த மஞ்சளில் தோய்த்துக் குத்தினார். வேலை முடிந்ததும் முத்திரையைத் தோல்சீவி நறுக்கிப் பொரியலில் போட்டுவிடுவோம். எனவே ஒவ்வொரு வாரமும் புது முத்திரை செதுக்க வேண்டும். செதுக்க எங்களுக்குள் அடிதடி நடக்கும். ஒரு வாரம் சேகர் செதுக்கியதில் எழுத்து நேராகவே விழுந்து, குத்தினால் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் வந்தது. அன்று வெளியான ஆணைகள் செல்லாது என்று அத்தை அறிவித்தார். நான்கு மணிவரை பட்டினி.

இதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறதே என்றுதான் நாங்கள் போனோம். வீட்டில் 'அந்தத் தட்டை எடுத்து வை' என்றால் காது கேட்காதவன் போல் நடிக்கிற நான், அத்தை வீட்டில் புளி கரைக்க அரைமணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். பதவி அப்படிப்பட்ட சமாச்சாரம்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அலுவலக நாட்கள். வீட்டு விசேஷம் என்றால் விடுப்பு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். சமையலறைக்குள் 'அத்தை' என்று கூப்பிடக் கூடாது, 'மேடம்'. வாசற்படியைத் தாண்டிவிட்டால் மறுபடி அத்தை. வசந்திக்கு இது குழம்பிப்போய், பள்ளிக்கூடத்தில் டீச்சரை அத்தை என்று கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

முதல் பெரிய விபத்து உப்பால் வந்தது. ரசத்தில் பிரேமா உப்புப் போட்டாள். அவள் போட்டது தெரியாமல் நான் போட்டேன். நாங்கள் இருவரும் போட்டது தெரியாமல் அத்தை போட்டார். சேகர் ஒரு வாய் குடித்துவிட்டு ஐந்து நிமிடம் ஒற்றைக் கண்ணைத் திறக்கவே இல்லை. அத்தை ரசத்தை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு விசாரணைக்கு உட்கார்ந்தார். முடிவில் யார் மீதும் குற்றமில்லை, பதிவேடு இல்லாததுதான் குற்றம் என்று தீர்ப்பானது. மறுநாள் முதல் உப்பு நடப்புப் பதிவேடு. யார், எப்போது, எத்தனை ஸ்பூன், யார் முன்னிலையில். மேலே சொன்ன ஐந்து கையெழுத்து, அத்தையுடையதும் சேர்த்து, அப்படி வந்ததுதான். ரசம் கொதித்து வற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் வரிசையில் நின்று ஒப்பமிட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்தது பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் பெரிய தெருவெல்லாம் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே குக்கரில் பருப்பு. அத்தைக்குக் குக்கர் என்றால் பயம். விசில் வந்தால் மேலதிகாரி வந்தது போல் எழுந்து நிற்பார், நாங்களும் நிற்போம். அன்று விசில் எழுத்தர் உரக்கப் படித்தாள், "அஞ்சு பத்து, ஒண்ணு. அஞ்சு பத்து, ரெண்டு. அஞ்சு பத்து, மூணு." மூன்று என்றதும் அத்தை ஸ்டவ்வை அணைத்தார். வசந்தி எழுதுவதை நிறுத்தவில்லை. "அஞ்சு பதினொண்ணு, நாலு. அஞ்சு பதினொண்ணு, அஞ்சு, ஆறு, ஏழு…"

"அணைச்ச குக்கர் எப்படிடி விசில் அடிக்கும்?" என்றாள் பிரேமா.

தெருமுனையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஊதிய விசில் அது. குக்கர் அதுவரை சூடுகூட ஆகியிருக்கவில்லை. திறந்தால் துவரம்பருப்பு கழுவிப் போட்ட மேனிக்கு உட்கார்ந்திருந்தது. வசந்தி அழ ஆரம்பித்தாள். அத்தை பதிவேட்டை வாங்கி முழுக்கப் படித்தார். "பதிவு சரியாத்தான் இருக்குது. விசில் எங்கேர்ந்து வரணும்னு நான்தான் ஆணையில சொல்லல" என்று தன் பெயருக்கே ஒரு மெமோ எழுதி, தானே வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் போட்டார்.

மெமோ வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அலுவலர், தர்மபுரியிலிருந்து வரும் அத்தையின் கணவர். மெலிந்த, அமைதியான மனிதர். பையை வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் அவர் முன்னால் நாலு மனு நீட்டப்படும். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்து, "சரிதான்" என்பார். யார் சொன்னது சரி என்று சொல்ல மாட்டார். எங்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

தோசை ஊற்றத் தொடங்கிய மாதம்தான் எங்கள் அலுவலகத்தின் பொற்காலம். யாருக்கும் வட்டமாக வரவில்லை. நான் ஊற்றிய தோசை ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் குழிந்து, கிழிந்த கைக்குட்டை போல வந்தது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டில் போட்டேன். அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"டேய், இது பழைய வட ஆற்காடு மாவட்டம்டா!"

உடனே தோசைத் திருப்பியால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். "மேல வேலூர். கீழ நாம. இது ஆரணி, இது செய்யாறு, இது வந்தவாசி. இதோ இந்த முறுகலா இருக்குது பாரு, அதுதான் போளூர்." அதன்பின் வட்டமாக ஊற்றுவது கேவலம் என்றாகிவிட்டது. மாவட்டம் மாவட்டமாக ஊற்றித் தள்ளினோம். என் அட்லஸில் எண்ணெய்க்கறை ஏறாத பக்கமே இல்லை. சமூக அறிவியல் பரீட்சையில் என் வகுப்பிலேயே பிரேமாவும் நானும்தான் தாலுகாக்களைப் பிசகாமல் எழுதினோம். சேகருக்கு மட்டும் செங்கம் நினைவுக்கு வரவில்லையாம். "அதைத்தான்டா நான் முதல்ல துன்னுடுவேன்" என்றான்.

இவ்வளவுக்கும் என் அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "படிக்கிற பையன கரண்டி புடிக்க வெச்சிகினு… அந்த மேடத்துக்கு ஆபீஸ்ல வேல கம்மி போலருக்குது" என்று அப்பாவிடம் சொல்வாள். அப்பா பேப்பரை இறக்காமல் "உம்" என்பார்.

அத்தை இதை அறிந்தாரோ என்னவோ, ஒரு நாள் அம்மாவுக்கே கடிதம் வந்தது. கொண்டுவந்தது நான்தான். 'பொருள்: சாம்பார் – புளிப்பு மிகுந்தது – தொழில்நுட்பக் கருத்து கோருதல் – தொடர்பாக.' அம்மா அதை இரண்டு முறை படித்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்கு யாரும் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டதில்லை. "இன்னாடா இது கூத்து" என்றபடியே பென்சிலை வாங்கிக் கடிதத்தின் பின்பக்கம் எழுதினாள்: 'கொஞ்சம் வெல்லம் போடவும். பையனை ஆறு மணிக்குள் அனுப்பவும்.'

அடுத்த வாரம் இன்னொரு கடிதம். அதற்கு அடுத்த வாரம் இரண்டு. அம்மாவின் பதில்கள் நீளத் தொடங்கின. வெந்தயம் எப்போது சிவக்கும், பெருங்காயம் எதற்கு முதலில் போட வேண்டும், எதற்குக் கடைசியில் போட வேண்டும் என்றெல்லாம் எழுதினாள். ஒருமுறை தன் பதிலுக்குக் கீழே கோடு கிழித்துக் கையெழுத்தும் போட்டாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முறைத்தாள்.

கார்த்திகை வந்தது.

தீபத்தன்று திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அந்த ஒரு நாள், தமிழ்நாட்டில் நமக்குச் சொந்தம் இல்லாதவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு வருஷமும் முப்பது பேருக்குக் குறையாமல் வந்து இறங்குவார்கள். பகல் முழுக்க விரதம். மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றியதைப் பார்த்துக் கும்பிட்ட கையோடு, அந்தக் கை நேராக இலைக்குத்தான் வரும். அதனால் ஆறு மணிக்குச் சாப்பாடு தயாராக இருந்தாக வேண்டும்.

தீபத்துக்கு முதல் நாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "நாளைக்கி மாடியில நிக்கிறதுக்கு எடம் தொடர்பாக…" என்று ஆரம்பித்தார் அத்தை.

"நீங்க எங்க வேணா நில்லுங்க மேடம். என்னைக் கேக்காதீங்க" என்று சிரித்தாள் அம்மா. "கல்யாணம் ஆயி கீழ்பென்னாத்தூர்லேர்ந்து இங்க வந்து பதிமூணு வருஷம் ஆவுது. ஏத்துற நேரத்துல ஒரு தபாகூட நான் பாத்ததில்ல. ஆறு மணிக்கு வடை போட்டுகினு இருப்பேன். அரோகரான்னு ஊரே கத்தும். கரண்டியும் கையுமா இங்கேர்ந்தே கும்புட்டுக்குவேன்."

அத்தை கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விட்டார்.

மறுநாள் காலை எங்கள் கதவில் ஓர் ஆணை ஒட்டியிருந்தது. மஞ்சள் முத்திரையோடு. 'மாலை 4.30 மணி முதல் மேற்படி இல்லத்தரசி சமையல் பணியிலிருந்து தற்காலிகமாக விடுவிக்கப்படுகிறார். பொறுப்பினை அடுத்த வீட்டு அலுவலகம் ஏற்கும்.'

"அய்யோ மேடம், முப்பத்திரண்டு பேரு வந்திருக்காங்க!" என்று அம்மா அலறினாள். "இதுங்க நாலும் சேந்து… எங்க மாமா வேற வந்திருக்காரு. அவரு தேவலோகத்துல சோறு போட்டாக்கூட உப்பு கம்மின்னு சொல்ற ஆளு."

மாமா என்று அம்மா சொன்னது, தன் அக்காவின் கணவரை. எங்களுக்குப் பெரியப்பா. கல்யாண வீடுகளில் அவர் இருக்கும் பந்திக்குப் பரிமாற ஆள் கிடைக்காது.

"ஆணை பிறப்பிச்சாச்சு. இனிமே திரும்பப் பெற முடியாது" என்றார் அத்தை.

அம்மா காயெல்லாம் நறுக்கி, வடையைச் சுட்டு வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். சாதமும் சாம்பாரும் அப்பளமும் எங்கள் பொறுப்பு. நாலரை மணிக்கு அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு அத்தை எங்கள் சமையலறைக் கதவைச் சாத்தினார். எங்களைப் பார்த்துத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"பசங்களா, ஒரு விஷயம். எனக்கு சமைக்கத் தெரியாது."

"அது தெரியுங்க மேடம்" என்றான் சேகர்.

"எப்பலேர்ந்து?"

"மொதோ நாள்லேர்ந்து."

அத்தை, "சரி. அது பதிவேட்டுல வர வேணாம்" என்றுவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

ஐந்தாறு பேருக்கு மேல் நாங்கள் சமைத்ததில்லை. இரண்டு அடுப்பிலும் அகலமான குண்டான்கள் உட்கார்ந்திருந்தன. எங்கள் தீக்குச்சி அளவு அதற்குள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அரிசிக்குத் தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டது. கஞ்சியை வடித்துவிடலாம் என்றால் அந்தக் குண்டானைத் தூக்க அத்தைக்குத் தைரியம் இல்லை; எங்களைத் தொடவும் விடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாதம் குழைந்தது. பக்கத்து அடுப்பில் சாம்பாரில் பிரேமாவின் பருப்பு இறுகி, கரண்டியை நட்டால் கொடிக்கம்பம் போல நின்றது.

தொழில்நுட்பக் கருத்துக் கோரி மாடிக்குக் கடிதம் எழுதினோம். வசந்தி கொண்டு ஓடினாள். 'பொருள்: சாதம் – குழைந்தது – தொடர்பாக.' படித்த அம்மா பதில் எழுதவில்லை. நேரே கீழே இறங்கப் பார்த்தாள்.

மாடிப்படியின் நடுவில் மேல்முறையீட்டு அலுவலர் உட்கார்ந்திருந்தார். தீபத்துக்காக விடுப்பில் வந்திருந்தார். 'சரிதான்' என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான்.

"ஆறு மணிக்கு முன்ன உங்களைக் கீழ விடக் கூடாதுன்னு எங்க வீட்ல எழுத்துல குடுத்திருக்காங்கம்மா. விட்டா எனக்கு மெமோ. எனக்கு மேல்முறையீடு பண்ண ஆள் இல்ல. கொஞ்சம் பாத்து செய்யுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தவளால் அதற்குமேல் சண்டை போட முடியவில்லை.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அத்தை எங்களைப் பார்த்து, "எல்லாரும் மாடிக்குப் போங்க. சிறப்பு அனுமதி" என்றார்.

"நீங்க வரலியா மேடம்?" என்றேன்.

"ஸ்டவ் எரியுதே."

"அணைச்சிட்டு வாங்க" என்றாள் பிரேமா.

"இது உங்க வீட்டு ஸ்டவ் இல்ல, எங்க வீட்டு ஸ்டவ்வும் இல்ல. பொறுப்புல வாங்கினது. இவன் அம்மா வந்து திரும்ப ஏத்துக்கிற வரைக்கும் நான் எடத்தை விட்டு நகரக் கூடாது. விதி அப்படி. ஓடுங்க, நேரமாச்சு!"

நாங்கள் ஓடினோம்.

மாடியில் நிற்க இடமில்லை. அம்மா முன்வரிசையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வசந்தியை அப்பா தோளில் ஏற்றிக்கொண்டார். மலை கருநீலமாக இருந்தது. ஊர் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கோயில் பக்கமிருந்து சத்தம் கிளம்பி, தெருத் தெருவாகப் பரவி, எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்த அதே நொடியில் உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு தெரிந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!"

"அட, இவ்ளோதானா?" என்றாள் அம்மா. "இத்துனூண்டு இருக்குது." பெரியப்பா கோபமாகத் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைக் கவனிக்கவில்லை. பொட்டு வளர்ந்து கொழுந்தாகியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பசி நினைவு வந்து, படியை நோக்கி நகரத் தொடங்கினார்கள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடாமல் விட்டுவிட்டார்.

நாங்கள் கீழே வந்தபோது அத்தை தன் வாழ்க்கையிலேயே முதன்முதலாக, யாரையும் கேட்காமல், யாரிடமும் கையெழுத்து வாங்காமல் ஒரு முடிவு எடுத்திருந்தார். கெட்டியான சாம்பாரை அப்படியே குழைந்த சாதத்தில் கொட்டி, நெய்யை ஊற்றி, இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்து மூச்சு வாங்கக் கிளறிக்கொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, எங்கள் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு கோப்புலயும் குறை இருந்துச்சு. ஒண்ணா இணைச்சுட்டேன்."

அம்மா வந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. சரிபார்க்க ஆள் இல்லாததால் அத்தை போடவில்லையாம். அம்மா ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். பதிவேட்டை நாங்களும் எடுக்கவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

பந்தியில் பெரியப்பா முதல் உருண்டையை வாயில் வைத்ததும் நாங்கள் நான்கு பேரும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அவர் மென்றார். இன்னொரு உருண்டை. பிறகு இலையைச் சுட்டிக்காட்டி, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, "இதுக்கு இன்னா பேரும்மா?" என்றார்.

"இணைப்புங்க" என்றார் அத்தை.

கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா வீட்டில் இன்றைக்கும் அதற்கு 'இணைப்பு' என்றுதான் பெயர். என் பெரியம்மா எத்தனையோ முறை செய்து பார்த்தும் அந்தப் பக்குவம் வரவில்லை என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கை கழுவும்போது அம்மா, "நீங்க பாக்கவே இல்லியே மேடம்" என்றாள்.

"அதுக்கென்ன, அடுத்த வருஷம்" என்றார் அத்தை.

அடுத்த வருஷம் முழுப் பரீட்சை முடிந்த கையோடு அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தர்மபுரிக்கு. பல வருஷமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்ததாம். கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருக்கலாம். நல்ல செய்திதான். எங்கள் யாருக்கும் அது நல்ல செய்தியாகப் படவில்லை. சேகர் மேல்முறையீட்டு மனு எழுதிக்கொண்டு போய் அத்தையின் கணவரிடம் கொடுத்தான். அவர் படித்துவிட்டு, "சரிதான்" என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

லாரி வந்த அன்று ஆளுக்கொரு பணிச்சான்று கிடைத்தது. என்னுடையதில், 'இவர் வெந்தயத்தையும் சீரகத்தையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிவார். புளி விஷயத்தில் முழு நம்பிக்கைக்குரியவர்' என்று எழுதியிருந்தார். பிற்பாடு நான் வாங்கிய எந்தச் சான்றிதழிலும் இவ்வளவு உயர்வாக யாரும் எழுதவில்லை. அம்மா ஒரு தூக்கு நிறையப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

"தீபத்துக்கு வந்துடுங்க மேடம்."

"விடுப்பு தொடர்பாக எழுதிப் பாக்கறேன்" என்றார் அத்தை. லாரிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவரிடம் வழி தொடர்பாக ஏதோ விசாரிக்கத் தொடங்கினார்.

கார்த்திகைக்கு நாலு நாள் முன்னால் ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. விடுப்பு கிடைக்கவில்லை. அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை. அம்மா படித்துவிட்டு அதை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

தீபத்தன்று ஐந்தரை மணிக்கு அம்மா கரண்டியை அப்பாவின் கையில் கொடுத்தாள். எந்த ஆணையும் இல்லை. "பாத்துக்குங்க" என்றாள், மாடிக்குப் போய்விட்டாள். அப்பாவும் நானும் பிரேமாவும் முப்பது பேர் சமையலில் மீதியிருந்ததை முடித்து, ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடியபோது மணி ஆறாகப் போகிறது. மாடியில் எள் போட இடமில்லை. ஆனால் முன்வரிசையில், கைப்பிடிச் சுவரோரம், அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. வசந்தி ஓடிப்போய் அதில் நுழையப் பார்த்தாள்.

"அங்க நிக்காதடி. இந்தப் பக்கம் வா" என்றாள் அம்மா.

நானும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.